ஒரே அடுப்படி, ஆறு பூட்டு: பகிர்ந்து தங்கும் வீட்டுக்கு லைசென்ஸ் எதற்கு?

போன மாதம் ஒரே வாரத்தில், ஒரே வீட்டிலிருந்து எனக்கு இரண்டு கேள்விகள் வந்தன. முதல் கேள்வி மாமாவுடையது. சரவணம்பட்டியில் அவருக்கு மாடி வீடு இருக்கிறது. கீழே இவர்கள், மேலே வாடகைக்கு ஒரு குடும்பம். அந்தக் குடும்பம் காலி செய்துவிட்டதால் மாடியை ஐடி கம்பெனிப் பெண்பிள்ளைகள் தங்கும் பிஜியாக மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறார். "பத்துக்குப் பன்னெண்டு ரூமு மூணு இருக்குது மாப்ள, ரூமுக்கு நாலு கட்டில் போட்டா பன்னெண்டு பேரு" என்று கணக்கையும் அவரே போட்டுவிட்டார். இரண்டாவது, பர்மிங்காமுக்கு மேல்படிப்புக்குப் போயிருக்கும் அவர் மகனிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்தது: "மச்சான், இங்க ரூம் பாத்துட்டு இருக்கறேன், வீட்டுக்கு எச்எம்ஓ லைசென்ஸ் இருக்குதான்னு கேட்டுக்கோன்னு எல்லாரும் சொல்றாங்க, அப்படின்னா என்ன?"

நான் கட்டட வரைபடம் போட்டு அனுமதி வாங்கித் தரும் வேலையில் இருப்பவன். அதனால் அப்பனுக்கும் மகனுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லத் தொடங்கி, பாதியில்தான் இரண்டும் ஒரே விஷயம் என்று புரிந்தது. ஒருவர் அறையை விடப் போகிறார், இன்னொருவர் அறையில் தங்கப் போகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். இந்தக் கட்டுரை அந்த இரண்டு பதில்களையும் சேர்த்து எழுதியது.

பெண்பிள்ளைகள் தங்கும் பிஜிக்கு மாவட்ட ஆட்சியரிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்றதும் மாமா முதலில் கேட்டது இதுதான்: "என்ற வீடு, என்ற கட்டிலு, அதுக்கு எதுக்கு மாப்ள கலெக்டரு?" நியாயமான கேள்வி. ஒரு குடும்பம் வாடகைக்கு வந்தால் யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை. அதே வீட்டில் ஒருவருக்கொருவர் உறவில்லாத ஆறு பேர் வந்தால் மட்டும் ஏன் கேட்கிறார்கள்?

ஒரு குடும்பம் இருக்கும் வீட்டில் ராத்திரி படுக்கப் போகுமுன் யாராவது ஒருவர் கேஸை மூடியிருக்கிறதா என்று பார்ப்பார். அம்மாவோ, ஆத்தாவோ, யாரோ. ஆறு பேர் தனித்தனியாக வாடகை கொடுத்துத் தங்கும் வீட்டில் அந்த "யாரோ" இல்லை. அடுப்படி எல்லோருக்கும் பொது, ஆகவே யாருக்கும் சொந்தமில்லை. அவரவர் அறைக்கு அவரவர் பூட்டு. ஒவ்வொரு அறையிலும் ஒரு கெட்டில், ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரே பிளக்கில் நாலு சார்ஜர். நைட் ஷிப்ட் போனவர் எப்போது வருவார், உள்ளே இப்போது எத்தனை பேர் தூங்குகிறார்கள் என்பது பக்கத்து அறைக்காரருக்கே தெரியாது. நடைவழியில் ஷூ ஸ்டாண்டும் பழைய மெத்தையும் கிடக்கும், யாரும் எடுக்கமாட்டார்கள். தீப்பிடித்தால் இந்த வீட்டிலிருந்து வெளியே வருவது குடும்ப வீட்டிலிருந்து வருவதைவிடப் பல மடங்கு கஷ்டம். அந்த "யாரோ" செய்யும் வேலையை எழுத்தில் ஒருவர் பொறுப்பில் கட்டிவைப்பதுதான் லைசென்ஸ்.

இது புதுப் பழக்கமும் இல்லை. பலர் வந்து தங்கும் பொது விடுதிகளைக் கண்காணிக்க இங்கிலாந்து 1851லேயே சட்டம் போட்டது. இந்தியாவில் 1867இல் சராய் சட்டம் வந்தது. வழிப்போக்கர் தங்கும் சத்திரங்களை மாஜிஸ்திரேட்டிடம் பதிந்துகொள்ளச் சொன்ன சட்டம் அது. தங்குவதற்கு என்ன கட்டணம் என்ற பட்டியலைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. இன்றைக்குச் சில பிஜிகளில் தண்ணீர் கேனுக்குத் தனிக் காசு வாங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சட்டம்தான் ஞாபகம் வரும். சரி, விஷயத்துக்கு வருவோம்.

எச்எம்ஓ என்பது பல குடும்பத்தார் சேர்ந்து தங்கும் வீடு என்பதன் ஆங்கிலச் சுருக்கம். இங்கிலாந்தில் மூன்று பேராவது இருந்து, அவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பத்தவராகவும் இருந்து, அடுப்படியையோ குளியலறையையோ கழிப்பறையையோ பகிர்ந்துகொண்டால் அந்த வீடு எச்எம்ஓ. ஐந்து பேரோ அதற்கு மேலோ ஆகிவிட்டால் லைசென்ஸ் கட்டாயம். தனி ஆளாக இருப்பவர் ஒவ்வொருவரும் சட்டத்தின் கண்ணில் ஒரு "குடும்பம்". உறவினர் என்றால் யார் யார் என்று அந்தச் சட்டத்திலேயே பட்டியல் இருக்கிறது: அப்பா அம்மா, தாத்தா பாட்டி, அண்ணன் தம்பி, அத்தை மாமா, அவர்கள் பிள்ளைகள் வரை வருவார்கள். அதனால் பெரியப்பா பையனும் சித்தப்பா பையனும் சேர்ந்து தங்கினால் ஒரே குடும்பம். ஆனால் ஒரே கூட்டம், ஒரே குலதெய்வம் என்று நாம் போடும் பங்காளிக் கணக்கெல்லாம் அங்கே செல்லாது. காங்கேயத்துப் பையனும் கோபிப் பையனும் பங்காளிகளாகவே இருந்தாலும் பர்மிங்காம் மாநகராட்சிக்கு அவர்கள் இரண்டு குடும்பம்தான்.

இந்தச் சட்டம் 2004இல் வந்தது, கட்டாய லைசென்ஸ் 2006இல் தொடங்கியது. அப்போது ஐந்து பேர் இருப்பதோடு, தரைத்தளத்தையும் சேர்த்து வீடு மூன்று தளமாகவும் இருந்தால்தான் லைசென்ஸ் தேவைப்பட்டது. 2018 அக்டோபர் 1 முதல் அந்தத் தள நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஒரே தள வீடானாலும் ஐந்து பேர் என்றால் லைசென்ஸ்தான். ஸ்காட்லாந்து இதில் முன்னோடி, 2000இலேயே கட்டாயமாக்கியது. அங்கே வரம்பு இன்னும் இறுக்கம், உறவில்லாத மூன்று பேர் போதும். அதற்கு முந்தைய வருடம் கிளாஸ்கோவில் ஒரு அடித்தள வீட்டில் தீப்பிடித்து, ஜன்னலில் கம்பி இருந்ததால் வெளியேற முடியாமல் இரண்டு மாணவர்கள் இறந்துபோயிருந்தார்கள்.

ஜன்னல் கம்பி என்றதும் எனக்குச் சுருக்கென்றது. நம் ஊரில் கம்பி வைக்காமல் யார் ஜன்னல் போடுகிறார்கள்? நான் போட்டுக் கொடுத்த வரைபடம் எதிலும் கம்பியில்லாத படுக்கையறை ஜன்னல் இருந்ததாக நினைவில்லை. திருடனுக்காக வைக்கிறோம். குடும்பம் இருக்கும் வரை பரவாயில்லை, ஒரு சத்தம் போட்டால் எல்லோரும் ஹாலுக்கு வந்துவிடுவார்கள். அதே அறையில் நான்கு பேரைப் படுக்கவைத்தால் மாடியிலிருந்து இறங்கும் ஒரே படிக்கட்டுதான் உயிர்வழி. மாமா வீட்டில் அந்தப் படிக்கட்டின் அடியில்தான் மோட்டார் சுவிட்ச் போர்டு, இன்வெர்ட்டர், வண்டி எல்லாம் இருக்கின்றன.

அடுத்தது அறை அளவு. 2018 மாற்றத்தோடு இங்கிலாந்தில் இதுவும் வந்தது: லைசென்ஸ் வாங்கும் எச்எம்ஓவில் ஒரு பெரியவர் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, இரண்டு பேர் என்றால் 10.22. இது என்ன இப்படி ஒட்டாத எண் என்று சதுர அடிக்கு மாற்றிப் பார்த்தேன். 6.51 என்பது 70 சதுர அடி, 10.22 என்பது 110 சதுர அடி. அவர்களும் பழைய அடிக்கணக்கைத்தான் மீட்டரில் எழுதியிருக்கிறார்கள். ஐந்தடிக்கும் குறைவாக, அதாவது 1.5 மீட்டருக்குக் கீழே கூரை தாழ்ந்து வரும் இடத்தைக் கணக்கில் சேர்க்க முடியாது. சாய்ப்பு இறக்கிக் கட்டில் போடுகிறவர்களுக்கு வைத்த செக் இது. பெங்களூரு மாநகராட்சி 2024 ஆகஸ்டில் பிஜிக்களுக்கு வெளியிட்ட நெறிமுறையிலும் ஒருவருக்குக் குறைந்தது 70 சதுர அடி என்றுதான் இருக்கிறது. ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர், சிசிடிவி, சமையல் செய்தால் உணவுப் பாதுகாப்பு உரிமம் ஆகியவையும் அதில் உண்டு.

இப்போது மாமாவின் பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு வாருங்கள். 120 சதுர அடி. பர்மிங்காம் கணக்கில் இரண்டு பேர், பெங்களூரு கணக்கில் ஒருவர்தான். மாமா கணக்கில் நான்கு. "அப்ப மூணு ரூமுக்கு ஆறு பேருதானா?" என்றார். வாடகையை இரட்டிப்பாக்கலாமா என்று உடனே அடுத்த கேள்வி.

நம் சட்டம் இதை வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறது. 2014 ஜூனில் பொள்ளாச்சியில் ஒரு விடுதியில் தங்கியிருந்த இரண்டு சிறுமிகளுக்கு நடந்த பாலியல் கொடுமையை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வாசலில் காவல் இல்லை, யார் வந்து போகிறார்கள் என்று கேட்பாரில்லை என்று அப்போது தமிழ்நாடே பேசியது. அந்த வருடமே தமிழ்நாடு பெண்கள் மற்றும் குழந்தைகள் விடுதிகள், இல்லங்கள் முறைப்படுத்தும் சட்டம் வந்தது, அடுத்த வருடம் அதற்கான விதிகள். அதன்படி பெண்களோ குழந்தைகளோ தங்கும் தனியார் விடுதிக்கு மாவட்ட ஆட்சியரிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். பணிபுரியும் பெண்கள் விடுதி என்றால் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் போய்த் தொடங்குவது வழக்கம். லைசென்ஸ் இல்லாமல் நடத்தினால் அபராதம் மட்டுமல்ல, சிறைத் தண்டனையும் உண்டு. மாமாவின் "எதுக்குக் கலெக்டர்" கேள்விக்கு நேரடிப் பதில் இதுதான்: பெண்பிள்ளைகளைத் தங்கவைக்கப் போகிறீர்கள், அதனால்தான் மாமா.

ஆனால் அந்த லைசென்ஸைக் கையில் வாங்க மற்ற காகிதங்கள் வேண்டும், ஆட்கள் மூச்சு வாங்குவது அங்கேதான். கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று பொறியாளர் சான்று. 1965ஆம் ஆண்டுப் பொதுக் கட்டடச் சட்டப்படி தாசில்தாரிடம் வாங்கும் கட்டட உரிமம். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று. சுகாதாரச் சான்று. சாப்பாடு போட்டால் உணவுப் பாதுகாப்பு உரிமம். ஒவ்வொன்றுக்கும் ஒரு அலுவலகம், ஒரு வரிசை. இதில் ஒன்று தேங்கினால் அடுத்ததும் தேங்கும். என்னிடம் வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் சிக்கிக்கொள்வது முதல் படியில்தான். வீடு என்று அனுமதி வாங்கிக் கட்டிய கட்டடம், அதிலும் மேலே ஒரு தளத்தை அனுமதியே இல்லாமல் ஏற்றியிருப்பார்கள், அதற்கு எந்தப் பொறியாளர் கையெழுத்துப் போடுவார்? இத்தனை அலைச்சலை வைத்துவிட்டு லைசென்ஸ் இல்லாத விடுதி பெருகிவிட்டது என்று அதிகாரிகள் குறைப்படுவதிலும் எனக்கு முழு நியாயம் தெரியவில்லை. அதற்காகக் காகிதமே வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் அதிகாலையில் ஃபிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்து, தூங்கிக்கொண்டிருந்த பெண்கள் இறந்துபோன செய்தியைப் படித்தவர்கள் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. இங்கிலாந்தின் சட்டம் எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று எண்ணுகிறது. நம்முடைய விடுதிச் சட்டம் யார் தங்குகிறார்கள் என்று பார்க்கிறது. பெண்களும் குழந்தைகளும் என்றால் ஆட்சியர் வரை போகும். அதே மாடியில் அதே பன்னிரண்டு கட்டிலில் பன்னிரண்டு பையன்கள் படுத்தால் அந்தச் சட்டம் தொடாது. கட்டட உரிமம், தீயணைப்பு மாதிரியான பொது விதிகள் எல்லோருக்கும் உண்டுதான், ஆனால் தங்கும் இடம் என்ற முறையில் ஒரே கண்ணோடு பார்க்கும் லைசென்ஸ் ஆண்களுக்கு இல்லை. தீக்கு ஆண் பெண் தெரியுமா?

திருப்பூரில் இதை இன்னும் பச்சையாகப் பார்க்கலாம். பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் பையன்கள் தங்கும் லைன் வீடுகளுக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள். வரிசையாகப் பத்து அறை, அறைக்கு ஐந்து ஆறு பேர், கடைசியில் பொதுக் குழாயும் இரண்டு கழிப்பறையும். பகல் ஷிப்ட் எழுந்த பாயில் நைட் ஷிப்ட் படுக்கும். அறைக்குள்ளேயே சிலிண்டர். இங்கிலாந்தில் இது எச்எம்ஓவா என்று யாரும் விவாதம் செய்யவே மாட்டார்கள். இங்கே இதைச் சட்டம் தொழிலாளர் பக்கமிருந்துதான் அணுகியது: வெளிமாநிலத் தொழிலாளர் பற்றிய 1979ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைக் கூட்டிவரும் ஒப்பந்ததாரரை லைசென்ஸ் எடுக்கச் சொன்னது, தங்க இடம் கொடுப்பதை அவர் கடமையாக்கியது. லைசென்ஸ் ஆளுக்கு, வீட்டுக்கு இல்லை. ஒப்பந்ததாரர் இல்லாமல் அண்ணன் பேச்சைக் கேட்டு ரயிலேறி வந்த பையனுக்கு அதுவும் இல்லை.

வரிப் பக்கம் கொஞ்சம் நல்ல செய்தி. 2022 ஜூலையில் நாளைக்கு ஆயிரம் ரூபாய்க்கும் குறைந்த அறைகளுக்கும் 12 சதவீத ஜிஎஸ்டி வந்தபோது, விடுதிக்கும் அது உண்டா என்று பெரிய குழப்பம். விடுதி என்பது குடியிருப்புதான், வரி கூடாது என்று 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த ஜூனில் ஜிஎஸ்டி கவுன்சிலே, ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள் வாடகை, தொடர்ந்து 90 நாளாவது தங்கல் என்றால் வரி இல்லை என்று முடிவெடுத்தது. மாமாவுக்கு இந்த ஒரு பத்தி மட்டும் மிகவும் பிடித்திருந்தது.

ஒரு சின்னக் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் இதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். லைசென்ஸ் என்ற சொல் இரண்டு இடத்தில் வரும். விடுதி நடத்த அரசு கொடுப்பது ஒன்று. அறையைப் பயன்படுத்திக்கொள்ள வீட்டுக்காரர் தங்குபவருக்குக் கொடுக்கும் அனுமதி இன்னொன்று, அது இருவருக்கும் இடையிலான ஒப்பந்தம். 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தத்தைக் காட்டி "லைசென்ஸ் இருக்குங்க" என்று ஒருவர் என்னிடமே சொல்லியிருக்கிறார். அதேபோல 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் கீழ் வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதும் விடுதி லைசென்ஸ் ஆகாது. அது வேறு, இது வேறு.

உலகம் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டால், வலை விரிந்துகொண்டே போகிறது. இங்கிலாந்தில் ஐந்து பேர் வரம்புக்குக் கீழே உள்ள மூன்று, நான்கு பேர் வீடுகளுக்கும் லைசென்ஸ் கேட்க மாநகராட்சிகளுக்கு அதிகாரம் உண்டு. இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு பகுதியைக் குறித்து அங்குள்ள எல்லா வாடகை வீட்டுக்கும், குடும்பம் இருந்தாலும், லைசென்ஸ் வேண்டும் என்று அறிவிக்கலாம். பர்மிங்காம் 2023 ஜூனில் இந்த இரண்டையுமே தொடங்கியது. சிறிய எச்எம்ஓக்களுக்கு நகரம் முழுக்க, மற்ற வாடகை வீடுகளுக்கு 25 வார்டுகளில். பெரிய பரப்புக்கு இப்படி அறிவிக்க முன்பெல்லாம் மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும், 2024 டிசம்பரில் அதையும் தளர்த்திவிட்டார்கள். வீட்டுக்காரர்கள் சும்மா இருக்கவில்லை: கட்டணம் கடைசியில் வாடகையில்தான் ஏறும் என்கிறார்கள். அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

தங்குபவர் பக்கம் அங்கே இருக்கும் ஒரு ஆயுதம் எனக்குப் பிடித்தது. லைசென்ஸ் எடுக்க வேண்டிய வீட்டை எடுக்காமல் வாடகைக்கு விட்டால், கொடுத்த வாடகையைத் திருப்பிக் கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இதுவரை 12 மாத வாடகை வரை என்று இருந்தது, 2025 அக்டோபரில் அரச ஒப்புதல் பெற்ற புதிய வாடகைச் சட்டம் அதை 24 மாதமாக உயர்த்துகிறது. அதிகாரி வந்து பிடிக்கட்டும் என்று காத்திருக்காமல், உள்ளே தங்கியிருக்கும் பையனையே கண்காணிப்பாளர் ஆக்கிவிடுகிறது இது. நம் ஊர் விடுதிச் சட்டத்தில் இப்படி ஒன்று இருந்தால் முன்பணத்தைத் தராமல் இழுத்தடிக்கும் பல பேர் ராவோடு ராவாகச் சமூக நல அலுவலக வாசலில் போய் நிற்பார்கள்.

மச்சானுக்கு நான் எழுதிய பதில் சுருக்கம்தான். அந்த வீட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று கேள். லைசென்ஸ் பெற்ற வீடுகளின் பதிவேட்டை மாநகராட்சி வைத்திருக்க வேண்டும், பொதுமக்கள் பார்க்கலாம், அதில் விலாசத்தைத் தேடு. லைசென்ஸில் எத்தனை பேருக்கு அனுமதி என்று போட்டிருக்கும், அதைத் தாண்டி ஆள் இருந்தால் வேறு வீடு பார். புகை அலாரம் இருக்கிறதா, வருடாந்திர கேஸ் பாதுகாப்புச் சான்று இருக்கிறதா என்று பார். அப்புறம் டேப் வைத்து அறையை அள.

அவன் அளந்து, படமும் எடுத்து அனுப்பினான். கூரைக்கு அடியில் இருக்கும் மச்சு அறை. தரை அளவில் 80 சதுர அடி தேறும், ஆனால் ஒரு பக்கம் கூரை சாய்ந்து தாழ்ந்துவிட, ஐந்தடி உயரத்துக்கு மேல் கணக்குப் பார்த்தால் 60கூட வரவில்லை. படத்தை மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "பையன் நிமுந்து நிக்கறதுக்குக்கூட எடமில்லீல்ல மாப்ள, இதுக்குப் போயி வாடகை வாங்குவானா ஒருத்தன்?" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாடிக்கு ஏறிப் போனார். கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து குரல் வந்தது: "அந்த டேப்ப எடுத்துட்டு வா, ரூமுக்கு ரெண்டு கட்டில்னா எப்படிப் போடறதுன்னு பாப்போம்."